பஞ்சம் புரதத்துக்கா, பருப்புக்கா?

திருச்சி தில்லைநகர் ஜிம்மிலும் சரி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதித் திண்ணையிலும் சரி, இப்போது இதே பேச்சுதான்: நம் சாப்பாட்டில் புரதமே கிடையாது, டப்பா வாங்கிக் கலக்கிக் குடித்தால்தான் உண்டு. இதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

1. ‘கிலோவுக்கு 2 கிராம் வேண்டும்.’

பளு தூக்கிக் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்கான மேல்வரம்பு இது. மற்றவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்று ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வரையறுத்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சாப்பாடு என்றால் 1 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 முதல் 55 கிராம் போதும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைவிடக் கூடுதலாக வேண்டும்.

2. ‘மரக்கறிப் புரதம் அரைகுறை.’

தனித்தனியாக எடுத்தால் சரிதான். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஆனால் யாரும் வெறும் அரிசியைச் சாப்பிடுவதில்லை. இட்லியில் உளுந்தும், பொங்கலில் பாசிப்பருப்பும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. ஒரே வேளையில் சேர வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

3. ‘வீட்டுச் சாப்பாட்டில் அவ்வளவு கிடைக்காது.’

கணக்குப் போடுவோம். 250 கிராம் அரிசியில் 20 கிராம், துவரையும் உளுந்துமாக 75 கிராமில் 16, ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டலில் 6, பாலும் தயிருமாக 400 மில்லியில் 13. மொத்தம் 55 கிராம். முட்டை, மீன் சாப்பிடும் வீட்டில் இன்னும் எளிது. ஒரு முட்டையிலேயே சுமார் 6 கிராம்.

உண்மை ஒளிந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். நான்கு பேருக்கு அரை ஆழாக்குப் பருப்பில் சாம்பார் வைத்தால், ஆளுக்குக் கிடைப்பது 4 கிராம். ரசமும் புளியோதரையுமாகப் போகும் நாளில் அதுவும் இல்லை. சுண்டல் பல வீடுகளில் நவராத்திரிக்கு மட்டும். ஆக, குறை சாப்பாட்டு முறையில் இல்லை, பருப்பின் அளவில்தான்.

4. ‘பவுடர்தான் சுலபம்.’

ஒரு கரண்டி பவுடரில் சுமார் 25 கிராம் புரதம் என்றால், 100 கிராம் பாசிப்பயறில் 22 கிராமுக்கு மேல் இருக்கிறது. கூடவே நார்ச்சத்தும் இரும்பும். உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் வேண்டாம் என்பதே 2024-இல் வெளிவந்த தேசிய உணவு வழிகாட்டியின் அறிவுரை. மெல்ல முடியாத முதியவர், நோயில் எடை இழந்தவர் விஷயம் வேறு. அதை மருத்துவர் சொல்லட்டும்.

நெல் அறுத்த வயலில் உளுந்தும் பயறும் விளைவது காவிரிப் படுகை. காந்தி மார்க்கெட்டில் அவை மூட்டை மூட்டையாக இருக்கின்றன. சாம்பாருக்குப் போடும் பருப்பை இரட்டிப்பாக்கி, தட்டில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, வாரத்தில் நான்கு நாள் மாலையில் சுண்டல் வையுங்கள். டப்பாவுக்கு வேலை இருக்காது.