பழுதுக்கும் கணக்கில் இடம் வேண்டும்

கிடங்கில் எவ்வளவு சரக்கு வைத்திருப்பது என்பது வாணிகரின் கவலை மட்டும் அன்று. கணிதம் பயிலும் நம் போன்ற மாணவரின் கவலையும் ஆகும். ஒரே முறையில் அதிகம் வாங்கினால் பணம் முடங்கும், வாடகை ஏறும். சிறிது சிறிதாக வாங்கினால் ஒவ்வொரு முறையும் கொள்முதல் செலவு வந்து விழும். இவ்விரண்டுக்கும் நடுவழி காண, 1913ஆம் ஆண்டில் ஃபோர்டு ஹாரிஸ் என்னும் அமெரிக்கர் ஒரு வாய்பாடு வகுத்தார். நூறாண்டு கடந்தும் அது வகுப்பறைகளில் வாழ்கிறது. எளிமையும் அழகும் உடைய வாய்பாடுதான். ஆயினும் அதனுள் ஒரு நம்பிக்கை மறைந்து கிடக்கிறது. வந்து இறங்கும் பொருள் யாவும் நல்ல பொருளே என்பதுதான் அது.

உலகம் அப்படியா இருக்கிறது? நூற்றுக்கு ஐந்து சட்டை பழுதாக வரும் எனக் கொள்வோம். நமக்கு வேண்டியவை 1,000 நல்ல சட்டைகள். ஐந்து விழுக்காடு கூட்டி 1,050 வாங்கினால் போதும் என்று தோன்றும். போதாது! அவற்றுள் நல்லவை 997 அல்லது 998தான் தேறும். 1,053 வாங்க வேண்டும். அப்போது 53 சட்டைகள் பழுதென்று ஒதுங்கும். அந்த 53 சட்டைகளின் கதி என்ன? என் கேள்வி இதுதான்.

சலாமே, ஜாபர் என்னும் இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இப்பழுதையும் வாய்பாட்டுக்குள் கொண்டுவந்தனர். சரக்கு முழுவதையும் சோதித்து, பழுதானவற்றைத் தனியே பிரித்து, குறைந்த விலைக்கு ஒருசேர விற்றுவிடுவதாக அவர்கள் கணக்கிட்டனர். பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் எல்லாப் பழுதும் ஒரே பழுதா?

தில்லிவாழ் தமிழ் மாணவருள் சரோஜினி நகர் சந்தைக்குப் போகாதவர் எவர்? ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட ஆடைகள் அங்கே மலிவாய்க் கிடைக்கின்றன. தையல் சற்றுக் கோணினால் சட்டை கெடுவதில்லை. நம் பை காலியாவதும் இல்லை. அது நல்ல விற்பனை. ஆனால் காப்புறை பிளந்த மின்கம்பியை அவ்வாறு விற்கலாமா? தரம் தவறிய மருந்தை விற்கலாமா? அங்கே தள்ளுபடி விலை என்பது ஏழையின் உயிருக்கு இடும் விலையாகிவிடும். ஆகவே பழுதை மூன்றாகப் பிரிப்போம்: அப்படியே பயன்படுவது, செப்பனிட்டால் பயன்படுவது, அழித்தே தீர வேண்டியது. மூன்றுக்கும் ஏட்டில் தனித்தனிப் பத்தி வேண்டும்.

இன்னொரு செலவும் உண்டு. ஒரு பருத்தி டி சர்ட் உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்பது பரவலாக வழங்கும் மதிப்பீடு. அதன்படி 53 சட்டைகளைக் குப்பையில் எறிந்தால் 1,43,000 லிட்டர் நீரை எறிந்தவர் ஆவோம். சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டதையும், 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதையும் அறிந்த நமக்கு, அந்த நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஏட்டில் எழுதாத செலவு மறைந்து போவதில்லை. ஆற்றின் தலையிலோ, கூலிக்குத் தைத்துக் கொடுத்த சிறு பட்டறைக்காரர் தலையிலோ போய் விழுகிறது.

'இவற்றையெல்லாம் கணக்கிட்டால் விலை ஏறாதா?' என்று கேட்பர் சிலர். செலவு இப்போதும் இருக்கிறது, அன்பர்களே! அதைக் கொடுப்பவர்தாம் வேறு. உண்மைச் செலவு முதலாளியின் ஏட்டில் ஏறினால்தான் பழுதைக் குறைக்கும் எண்ணம் அவருக்குப் பிறக்கும். வழியும் புதிதன்று. நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தானியங்கித் தறியை 1924ஆம் ஆண்டில் ஜப்பானில் சாகிச்சி டொயோடா உருவாக்கினார். பழுதான துணியை நெய்து முடித்துப் பிறகு ஒதுக்குவதைவிட, பழுது நேர்ந்த கணமே நிறுத்துவது மேல் என்பது அத்தறி தரும் பாடம். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஷூஹார்ட், உற்பத்தி நெறிதவறுவதை முன்கூட்டியே காட்டும் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். ஐந்து விழுக்காடு இரண்டாகக் குறைந்தால் 1,053க்குப் பதில் 1,021 சட்டைகளே போதும். பஞ்சும் நீரும் உழைப்பும் மிஞ்சும்.

நாளை நம்மில் பலர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் இத்தகைய கணக்குகளை எழுதப் போகிறோம். எழுதுகோல் நம் கையில் இருக்கும்போது, 'மிகக் குறைந்த செலவு' என்று விடை வந்தவுடன் மகிழ்ந்துவிட வேண்டாம். யாருக்குக் குறைந்த செலவு என்று ஒரு கேள்வி கேட்போம். அக்கேள்விக்கு விடை சொல்லாத வாய்பாடு எத்துணை அழகாயினும் முழுமையானது ஆகாது.