பையில் கைவிடும் முன்

செவ்வாய்க்கிழமை நடந்த ஒன்றைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை.

எங்கள் தெரு அக்கா ஒருவர், மயிலம் பக்கம் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் பேருந்து ஏறினார். மகளுக்கு ஏழாம் மாசம். காட்டேரிக்குப்பம் தாண்டி எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தி ஏறிய இளம் காவலர், அக்காவின் கட்டைப்பையைக் கீழே கொண்டுவரச் சொன்னார். ரோட்டோரமாகவே கவிழ்த்தார். வேர்க்கடலை, முறுக்கு, முருங்கைக்கீரைக் கட்டு, மாற்றுச் சேலை, உள்பாவாடை, சர்க்கரை மாத்திரை. வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

"எதுக்கு தம்பி என் பையை மட்டும்?"

"பாண்டியிலேருந்துதானம்மா வர்ற?"

இந்த ஒரு பதில்தான் என்னை உலுக்குகிறது. எல்லையில் மதுச் சோதனையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்தில் விஷச்சாராயம் குடித்துச் செத்தவர்களையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் போன அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களையும் நினைத்தால் யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பாண்டியிலிருந்து வருவதே சந்தேகத்துக்குப் போதும் என்றால், புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு கொம்யூனில் வீடு இருக்கிற ஒவ்வொருவரும் சந்தேகத்துக்குரியவர்தான். நம் நிலம் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் கிடக்கிறது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எல்லையைத் தாண்டாமல் இங்கே யாருக்கு நாள் நகரும்?

வந்த திசையே சந்தேகத்துக்குப் போதுமா என்கிற கேள்வி நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ஒரு காரை வைத்து எழுந்தது. அந்த வழக்கை நான் அடிக்கடி இழுப்பதாகப் பழைய வாசகர்கள் குறைப்படுவார்கள். இன்னும் ஒருமுறை பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே அப்போது மதுவிலக்கு. மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரத்துக்கு எதிர்க்கரை கனடா. ஆற்றைத் தாண்டிச் சரக்கு வந்துகொண்டிருந்தது. 1921 செப்டம்பரில் கிராண்ட் ராபிட்ஸ் ஊரில் மதுவிலக்கு அதிகாரிகள் வாங்குபவர்கள்போல் நடித்து ஜார்ஜ் கரோல், ஜான் கீரோ என்ற இருவரிடம் மூன்று பெட்டி விஸ்கிக்குப் பேரம் பேசினார்கள். பெட்டி 130 டாலர். சரக்கு வரவில்லை. ஆனால் ஆட்களின் முகமும் அவர்களுடைய ஓல்ட்ஸ்மொபைல் காரும் அதிகாரிகளுக்கு மனதில் பதிந்துவிட்டன. அக்டோபரில் அதே கார் டெட்ராய்ட் பக்கம் போவதைப் பார்த்துப் பின்தொடர்ந்து தவறவிட்டார்கள். டிசம்பர் 15 அன்று டெட்ராய்ட் திசையிலிருந்து அது திரும்பி வந்தது. நிறுத்தினார்கள். இருக்கையின் சாய்மானம் வழக்கத்துக்கு மாறாக விறைப்பாக இருந்தது, கிழித்தார்கள். உள்ளே 68 பாட்டில்கள்.

வாரன்ட் இல்லாத இந்தச் சோதனை செல்லுமா? 1925 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி டாஃப்ட். முன்பு நாட்டின் ஜனாதிபதியாகவே இருந்தவர். இரண்டு நீதிபதிகள் உடன்படவில்லை. போலீஸ் ஜெயித்த வழக்கு இது. ஆனாலும் நான் இதைத் தூக்கிக்கொண்டு திரிவதற்குக் காரணம் உண்டு. வண்டி ஓடிவிடும், வாரன்ட் வாங்கி வருவதற்குள் சரக்கு கைமாறிவிடும் என்று ஒப்புக்கொண்ட அதே டாஃப்ட், மது கிடைத்தாலும் கிடைக்கும் என்று சாலையில் போகிற கார்களையெல்லாம் நிறுத்துவது பொறுக்கமுடியாத அநியாயம் என்றும் எழுதினார். நிறுத்துவதற்கு முன்பே, நியாயமான மனிதன் நம்பக்கூடிய காரணம் அதிகாரியின் கையில் இருக்கவேண்டும். கரோலின் விஷயத்தில் செப்டம்பர்ப் பேரம் இருந்தது, தெரிந்த முகம் இருந்தது, தெரிந்த கார் இருந்தது, வந்த திசையும் இருந்தது. டெட்ராய்ட் திசை மட்டும் இருந்திருந்தால்? நம் அக்காவிடம் இருந்தது அந்தத் திசை ஒன்றுதான்.

அமெரிக்கச் சங்கதி நமக்கெதற்கு என்பவர்களுக்கு, நம் நாட்டிலேயே நடந்த கே.எல். சுப்பய்யா வழக்கு. கர்நாடகத்தில் கலால் ஆய்வாளர் காரை மறித்துச் சோதித்தார்; மதுவும் சிக்கியது. அங்கிருந்த கலால் சட்டப்படி, வாரன்ட் இல்லாமல் சோதிக்கும் முன் தன் நம்பிக்கைக்கான காரணத்தை அதிகாரி எழுதிவைக்கவேண்டும். அவர் எழுதவில்லை. அதிகாரமே இல்லாத சோதனை என்று சொல்லி 1979ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சரக்கு கிடைத்தபிறகும்! கிடைத்த பாட்டிலைக் காட்டித் தேடியதற்கு நியாயம் சொல்ல முடியாது என்று நம் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எல்லா வழக்கிலும் இப்படிச் சொன்னதில்லை. முறைதவறிய சோதனையில் கிடைத்த ஆதாரத்தையும் பயன்படுத்தலாம் என்று 1973ல் பூரன்மல் வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான். அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு பழைய கணக்கும் உண்டு. பிரெஞ்சிந்தியாவுக்கும் இந்தியாவுக்கும் இருந்த சுங்க ஒப்பந்தம் 1949ல் முடிந்ததும், நம் கொம்யூன்களைச் சுற்றி இந்திய அரசின் சுங்கச் சாவடிகள் முளைத்தன. மூட்டையை அவிழ், மடியை உதறு என்கிற குரலை நம் முந்தின தலைமுறை அப்போதே கேட்டுவிட்டது. 1954 அக்டோபர் 18ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். அதே வருடம் மார்ச் 15ல், எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் அமர்ந்து, அத்துமீறிய சோதனைக்கு எதிராக அமெரிக்க அரசியல் சட்டத்தில் இருப்பதுபோன்ற பாதுகாப்பு நம் அரசியல் சட்டத்தில் இல்லை, அதை நாமாக உள்ளே கொண்டுவரவும் முடியாது என்று சொல்லியிருந்தார்கள். கீழூரில் சேர வாக்களித்தவர்கள் நுழைந்தது அந்தப் பாதுகாப்பு இல்லாத வீட்டுக்குள். அந்தரங்கமும் அடிப்படை உரிமைதான் என்று ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொல்லி, சர்மா தீர்ப்பில் அந்த உரிமையை மறுத்த பகுதியை நிராகரிக்க 2017 ஆகஸ்ட் 24 வரை ஆயிற்று. அறுபத்து மூன்று வருடம்!

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையைக் காணொளியாகப் பதியச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் பையில் போன கை அதில் தெரியும். ஏன் அந்தப் பை என்பது தெரியாது. அதற்கு எழுத்துதான் வேண்டும். புலனாய்வு அதிகாரி வாரன்ட் இல்லாமல் ஓரிடத்தைச் சோதிக்க நேர்ந்தால் காரணத்தை முன்கூட்டி எழுதவேண்டும் என்கிற பழைய விதி, 185ஆம் பிரிவாக இன்னும் இருக்கிறது. வீட்டுக்கு இருக்கிற இந்த ஒழுங்கு ரோட்டில் போகிறவளின் பைக்கும் வரவேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமில்லை. ஒவ்வொரு சாவடியிலும் பக்க எண் போட்ட ஒரு நோட்டு. பெண்ணின் உடைமையைத் தொட ஒரு பெண் காவலர். கவிழ்க்க ரோடு வேண்டாம், ஒரு மேசையும் மறைப்பும் போதும். நோட்டில் முதல் கட்டம் காரணத்துக்கு. அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டபிறகே பையைத் திறக்கவேண்டும். என்ன கிடைத்தது என்பதற்கான கட்டம் கடைசியில் இருக்கட்டும். "பாண்டியிலிருந்து வருகிறார்" என்று முதல் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட எந்த அதிகாரி துணிகிறார் என்று பார்ப்போம்.