கல் எடையைக் கழித்தால்...

இரண்டு வருடத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் கணவர் வேலை பார்த்த பட்டறையில் ஆள் குறைப்பு செய்தார்கள். அவருக்கும் வேலை போயிற்று. அந்த நேரம் பார்த்து என் மாமியார், ‘ஏழரைச் சனி நடக்குதாம். தங்கத்துல நீலக்கல் மோதிரம் போட்டா சரியாயிடும்னு ஜோசியர் சொல்றார்’ என்று வந்து நின்றார்.

பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்காக நான் கட்டி வந்த சீட்டை எடுத்தோம். 4 கிராம் தங்கத்தில் 5 காரட் நீலம். கல்லுக்கு மட்டும் 22 ஆயிரம் ரூபாய். நீலம் எல்லோருக்கும் ஒத்துக்காது என்பார்களே, அதனால் கட்டுவதற்கு முன் கல்லைத் துணியில் முடிந்து மூன்று ராத்திரி தலையணை அடியில் வைத்தோம். கெட்ட கனவு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். அவருக்குக் கனவே வரவில்லை. தூக்கம் வந்தால்தானே கனவு வரும்!

ஆறு மாதமாகியும் வேலை கிடைக்கவில்லை. ஃபீஸ் கட்ட அந்த மோதிரத்தையே அடகு வைக்கப் போனேன். எடை போட்டவர், ‘5 காரட்னா 1 கிராம். அதைக் கழிச்சுட்டு தங்கத்துக்கு மட்டும்தாம்மா தருவோம். கல் அசல்தானான்னு பார்த்தீங்களா?’ என்று கேட்டார். அதுவரை எனக்கு அப்படிக் கேட்கவே தோன்றவில்லை. ரத்தினம் பரிசோதிக்கும் இடத்தில் கொடுத்தேன். உள்ளே வளைவு வளைவாகக் கோடு தெரிகிறது, இது உலையில் செய்த கல் என்று எழுதிக் கொடுத்தார்கள். விற்ற கடைக்கு ஓடினால், ரசீதில் ‘நீலக்கல் 1’ என்றுதான் இருக்கிறது, இயற்கைக் கல் என்று நாங்கள் எழுதித் தரவில்லையே என்றார்கள்.

அங்கே பரிசோதித்த பெண் பொறுமையாக விளக்கிச் சொன்னாள். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்ற ஒரே கல்தானாம். குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். மாணிக்கம் சூரியனுக்கு, நீலம் அவர் பிள்ளை சனிக்கு என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று கதை வேறு! பிரான்ஸ் நாட்டு வெர்னூய் என்பவர் மாணிக்கத்தை உலையில் செய்யும் முறையை 1902லேயே அறிவித்துவிட்டாராம். வெறும் கண்ணால் பார்த்து அசல், செயற்கை என்று பிரிப்பது கஷ்டம்.

கல் நகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சகோதரிகளே. என் மாமியாருக்குப் பிறந்த ஊர் நாகர்கோவில். பெண்ணின் பரதநாட்டியத்துக்கு அங்கே வடசேரியிலிருந்து நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை வாங்கி வந்தார். சுவாமிக்குச் சாத்துவதற்காகச் செய்யத் தொடங்கிய நகை அது. புவிசார் குறியீடு கூட வாங்கியிருக்கிறது. ஒவ்வொரு கெம்புக்கல்லாகக் கையால் பதித்தது, மேடை விளக்கில் என்னமாய் ஜொலித்தது! அந்தச் சிவப்புக் கல் யாருக்கும் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை. அழகுக்கு வாங்கினோம், அழகாக இருக்கிறது.

கஷ்டத்தில் இருப்பவளிடம் பரிகாரம் என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் கட்டாயமாகி வந்ததே, நகையில் ஆறு எழுத்து அடையாள எண்ணும் போடுகிறார்களே என்று நானும் தைரியமாக இருந்தேன். அது தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இப்போது கடையில் தங்க எடை தனி, கல் எடை தனி, கல் இயற்கையா செயற்கையா என்று ரசீதில் எழுதச் சொல்கிறேன். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுகிறேன். விலை கூடின கல்லென்றால் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் தொடுவதில்லை.

கடைசியில் மோதிரத்தை அடகு வைத்தேன். அது அடகில் இருந்தபோதுதான் ஆவடிப் பக்கம் அவருக்கு வேலை கிடைத்தது. ‘பார்த்தியா, கல்லு வீட்டை விட்டுப் போச்சு, சனியும் கூடவே போயிட்டான்’ என்கிறார் மாமியார்!

- ஒரு வாசகி, அம்பத்தூர்.