‘நார்மல்’ என்று பதிவான பிரசவத்திற்குப் பிறகு
கொங்கு நாட்டுப் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் வாழும் பொதுமக்கள் முன், தாய்மார்களும் செவிலியர்களும் மகப்பேற்று நலனில் அக்கறை கொண்டோரும் அடங்கிய ஒரு குழு இவ்வேண்டுகோளை வைக்கிறது. முதல் பிரசவத்தில் உடலும் மனமும் நொறுங்கிப்போன ஒரு பெண், அடுத்த பேற்றுக்கு முன்கூட்டியே நாள் குறித்துச் சிசேரியன் செய்யுமாறு கேட்டால், அவள் சொல்லும் காரணத்தை வீட்டாரும் மருத்துவரும் இடைமறிக்காமல் கேட்க வேண்டும், கேட்டபின் அவளோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும், அம்முடிவுக்காக அவளை ஒருவரும் பழிக்கலாகாது என்பதே குழுவின் கோரிக்கை.

பிறப்புவழியே நிகழும் எல்லாப் பேற்றையும் தமிழ் ‘சுகப்பிரசவம்’ என்றே அழைக்கிறது. மருத்துவமனைப் பதிவேடோ அதை ‘நார்மல்’ என்று எழுதி முடித்துவிடுகிறது. ஓர் இரவும் ஒரு பகலும் வலியில் கிடந்து, கடைசியில் ஊர்வழக்கில் ‘ஆயுதம் போட்டு எடுத்தது’ எனப்படும் இடுக்கியாலோ, குழந்தையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவியாலோ பெற்றவளும் அப்பதிவேட்டில் பலவேளை ‘நார்மல்’தான். பிறப்புவழியின் கிழிசல் ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கும் தசைவரை சென்றால் அது மூன்றாம் நிலைக் கிழிசல், குடலின் உட்சவ்வையும் கடந்தால் நான்காம் நிலைக் கிழிசல் எனப்படும். அதன் விளைவாக மாதக்கணக்கில் மலத்தை அடக்க முடியாமல், அதை அம்மாவிடம்கூடச் சொல்லக் கூசி, வேலைக்கும் விசேஷத்திற்கும் போவதை நிறுத்திக்கொண்ட பெண்ணின் பேறும் அதே ஒற்றைச் சொல்லில் அடங்கிவிடுகிறது. திரையில்லாத அறையில் ஏச்சு வாங்கியதும், தொடையில் அடி விழுந்ததும், வயிற்றின் மேற்பகுதியை இருவர் அமுக்கிக் குழந்தையைத் தள்ளியதும் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. அவ்வாறு அமுக்குவதைப் பரிந்துரைக்க இயலாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் மகப்பேற்று வழிகாட்டுதலில் தெளிவாகவே கூறியிருக்கிறது.

இத்தகைய பேற்றுக்குப் பின் சிலருக்கு வரும் மனநிலைக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்று பெயர். போர்க்களத்திலிருந்தும் விபத்திலிருந்தும் மீண்டவர்களிடம் முதலில் விரிவாக அறியப்பட்ட அதே நோய்தான் இது. நடந்தவை கண்முன் திரும்பத் திரும்ப ஓடுதல், கெட்ட கனவு, மருத்துவமனை வாசனையே ஆகாமை, பெற்ற பிள்ளையிடமே ஒட்டாமை ஆகியவை இதன் குறிகள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு மதிப்பீடு, பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடமும், சிக்கலான பேற்றைக் கடந்தோர் போன்ற இடர்மிகு பிரிவினரில் 18.5 விழுக்காட்டினரிடமும் இது காணப்படுவதாகக் கணக்கிட்டது. பிரசவிப்பதை எண்ணி எழும் கட்டுக்கடங்காத அச்சத்திற்கு ‘டோக்கோஃபோபியா’ என்ற பெயரை 2000ஆம் ஆண்டில் ஹோஃப்பெர்க், பிராக்கிங்டன் ஆகிய இரு பிரிட்டிஷ் மனநல மருத்துவர்கள் வழங்கினர். முன்பு பட்ட கொடுமையிலிருந்து பிறக்கும் அச்சத்தை அதன் இரண்டாம் வகையாக அவர்கள் பிரித்துக் காட்டினர். பரிசோதனைக்கு வராமல் தள்ளிப்போடும் கர்ப்பிணியை ‘அலட்சியக்காரி’ என்று குறித்துக்கொள்வதற்கு முன், அந்தக் கட்டடத்திற்குள் நுழையவே அவளால் முடியாதிருக்கலாம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் கொங்கு நாட்டில் பரவியதற்குச் சொத்து, படிப்புச் செலவு என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. ‘ஒன்னே போதும்’ என்று ஒரு பெண் சொல்லும்போது அதற்குள் முதல் பிரசவத்தின் நினைவும் இருக்கக்கூடும் என்பது மட்டும் பேசப்படுவதில்லை.

சிசேரியன் ஏற்கெனவே மிகுந்துவிட்ட மாநிலத்தில் இன்னும் சிசேரியனா என்ற கேள்வி எழுவது இயல்பே, அதை ஒதுக்கிவிடவும் முடியாது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியார் மருத்துவமனைகளில் 63.8. இந்திய அளவிலோ இது 21.5 விழுக்காடு. இந்த எண்களை முன்வைத்து, அறுவையைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு பேசுவோர், கோரிக்கையோடு வரும் பெண்ணையே முதலில் தடுத்து நிறுத்துகின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, மக்கள்தொகை அளவில் 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சிசேரியனால் தாய்சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று கூறிய அதே இடத்தில், குறிப்பிட்ட விகிதத்தை எட்டுவதைவிடத் தேவையுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைப்பதே முக்கியம் என்றும் கூறியது. முதற்பாதி பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது, இரண்டாம் பாதி மறக்கப்படுகிறது. மேலும், முதல் பேறு சிசேரியனாக இருந்தால் அடுத்ததையும் சிசேரியனாக வைத்துக்கொள்வது இங்கே எளிதில் இசைவு பெறுகிறது. முதல் பேற்றில் ஆயுதம் போட்டு ஆழமாகக் கிழிந்தவளுக்கோ, ‘முதலாவதே நார்மல்தானே, இரண்டாவது தானாக வந்துவிடும்’ என்பதே விடையாகிறது. கையில் பணம் உள்ளவள் தனியார் மருத்துவமனையில் காரணமே கேட்கப்படாமல் அறுவைக்குச் செல்ல, பனியன் கம்பெனியிலோ நூற்பாலையிலோ கூலிக்குச் செல்பவள் காரணத்தைச் சொல்லியும் கேட்கப்படாமல் திரும்புகிறாள் என்றால், இருவரின் கதையையும் எவரும் கேட்கவில்லை என்றே பொருள்.

அறுவை இடரற்றது என்று இக்குழு சொல்லவில்லை. இரத்தப்போக்கு, தொற்று, இரத்தக்கட்டி, ஆற நாளாகும் புண் ஆகியவற்றோடு, அடுத்தடுத்த கர்ப்பங்களில் நச்சுக்கொடி பழைய தழும்பில் வேரோடிப் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. 30,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், அந்நிலை முதல் சிசேரியனின்போது 0.24 விழுக்காட்டினரிடமும், இரண்டாவதில் 0.31, மூன்றாவதில் 0.57, நான்காவதில் 2.13 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. நச்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துப் படிந்திருந்தாலோ முதல் சிசேரியனிலேயே 3 விழுக்காடாகவும் இரண்டாவதில் 11 விழுக்காடாகவும் அது உயர்ந்தது. ஆறு பிள்ளை பெறப்போகிறவளுக்கு இக்கணக்கு ஒருவிதமாகவும், இரண்டாவதோடு முடித்துக்கொள்ளப்போகிறவளுக்கு வேறுவிதமாகவும் பொருள்படும். ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பிலேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்ற அளவுக்குக் குடும்பம் சுருங்கிவிட்ட தமிழ்நாட்டில், எத்தனை பிள்ளை வேண்டும் என்ற கேள்வியை முதலில் அவளிடம் கேட்டுவிட்டே இடரை எடுத்துரைப்பது முறை.

ஜாதகம் பார்த்து, நட்சத்திரத்திற்கும் ஓரைக்கும் ஏற்ப அறுவை நேரம் குறிக்கும் வழக்கத்தோடு இக்கோரிக்கையைக் கலந்து பார்க்கக் கூடாது. தக்க மருத்துவக் காரணம் இல்லாதபோது, 39 வாரம் நிறையுமுன் நாள் குறித்து எடுக்கும் குழந்தைக்கு நுரையீரல் நீர் வடியாமல் மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடுகிறது; நல்ல நேரத்திற்காக அந்த எல்லையை மீறும் குடும்பத்தாரை இக்குழு வெளிப்படையாகவே மறுக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, சமீரா கோலி எதிர் டாக்டர் பிரபா மன்சந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த தீர்ப்பு இங்கே நினைவுகூரத் தக்கது. நோயறியும் சோதனைக்காக மயக்கமருந்து தரப்பட்டிருந்த பெண்ணின் கருப்பை, அவருடைய தாயாரின் சம்மதத்தின் பேரில் அகற்றப்பட்டது. சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கத் தகுதியுள்ள பெண்ணுக்குப் பதிலாக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றும், சிகிச்சையின் தன்மை, நோக்கம், பயன், இடர், மாற்றுவழி ஆகியவற்றை நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. கேட்ட அறுவையைச் செய்தே தீரவேண்டும் என்று எந்த மருத்துவரையும் இத்தீர்ப்பு கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2011இல் அளித்த வழிகாட்டுதல் அந்த இடைவெளியை நிரப்பும் வழியைக் காட்டுகிறது: பிரசவ அச்சத்தால் சிசேரியன் கேட்பவருக்கு முதலில் மனநல உதவி அளிக்க வேண்டும், கலந்துரையாடிய பின்னும் அவர் பிறப்புவழிப் பேற்றை ஏற்காவிடில் திட்டமிட்ட சிசேரியனை அளிக்க வேண்டும், செய்ய விரும்பாத மருத்துவர் செய்ய முன்வரும் மற்றொருவரிடம் அனுப்ப வேண்டும் என்றது அது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மற்ற அரசு மருத்துவமனைகளிலும் இதே நடைமுறை எழுத்தில் வர வேண்டும் என்று இக்குழு அரசைக் கேட்டுக்கொள்கிறது.

இப்படிக் கேட்கத் தொடங்கினால் கோருபவர் அனைவரும் அறுவைக்கே செல்வர் என்ற அச்சத்திற்கு இடமில்லை. சென்ற முறை என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று பழைய கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு ஒருமுறை விளக்கினாலே சிலருக்குப் பாரம் இறங்கும். உடனிருக்கத் தாயோ அக்காவோ, முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி வலி தணிக்கும் முறை, குறிப்பிட்ட நேரத்திற்குமேல் நீட்டிக்காமல் அறுவைக்கு மாறும் உறுதி ஆகியவை கிடைத்தால் பிறப்புவழியையே தேர்வோரும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர்கள் தாய்சேய் நல அட்டையில் இரத்த அளவைக் குறிக்கும் அன்றே, முதல் பிரசவம் எப்படி இருந்தது என்று கேட்டு, பதிலை அவள் சொற்களிலேயே எழுதிவைக்கலாம். தூக்கமின்றித் தவிப்போர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

குடும்பத்தாருக்கும் உறவினருக்கும் இக்குழு சொல்ல விரும்புவது மிகச் சிறியது. குழந்தை பார்க்க வருவோரின் முதல் கேள்வி ‘நார்மலா, ஆபரேஷனா?’ என்பதாக இருத்தல் வேண்டாம். ‘எங்க காலத்துல காட்டு வேலை செஞ்சுக்கிட்டே பெத்தோம்’ என்னும் மாமியார்மார், அக்காலத்தில் பெறும்போதே போய்ச் சேர்ந்தவர்களையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். கணவன்மார் கையெழுத்துப் போடும் நாளில் மட்டுமின்றி, மருத்துவரிடம் பேசும் நாளிலும் உடன் செல்ல வேண்டும்.

அந்தப் பேச்சு 36ஆம் வாரத்திற்குள் முடிந்து, முடிவு அட்டையில் எழுதப்பட்டிருத்தல் அவசியம். குறித்த நாளுக்கு முன்பே நள்ளிரவில் வலி கண்டால், வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டிய தோட்டத் தொழிலாளியும், அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருப்பவளும் எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும், அங்கே பணியில் இருப்பவர் அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது 108 ஊர்தியில் ஏறும்போதே அவள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும்.