பழங்காமிராவுக்குப் பிளாஷ் தேடுவோருக்கு

விடுமுறை முடிந்து திரும்பும் நம்மவர் சிலரின் தோளில் இப்போது பிலிம் காமிரா தொங்கக் காண்கிறேன். மூணாற்றிலும் சித்தூரிலும் தந்தையாரின் பெட்டிக்குள் நெடுநாள் உறங்கியவை அவை. மகிழ்ச்சியே! ஆனால் மறுநாளே கடைக்குச் சென்று, "இதற்கு உயர்ந்த பிளாஷாகக் கொடுங்கள்" என்கிறார்களே, அதைத்தான் நான் ஒப்பமாட்டேன். எந்தப் பிளாஷ் பொருந்தும் என்பதை விலைச்சீட்டா சொல்லும்? ஷட்டரன்றோ சொல்ல வேண்டும்!

1976-இல் வெளிவந்த பென்டாக்ஸ் கே1000-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் ஷட்டர் இரண்டு துணித்திரைகளால் ஆனது. விநாடியில் 60-இல் ஒரு பங்கு வரையில்தான் பிலிம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வேகம் அதற்கு மேற்பட்டால் ஒரு பிளவு மட்டுமே நகர்ந்து செல்லும். பிளாஷின் ஒளியோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. ஆகவே படத்தில் ஒரு பகுதி இருண்டு போகும். ஜெனிட்-ஈ காமிராவுக்கு எல்லை 30-இல் ஒரு பங்கு. யாஷிகா மேட்-124ஜி-க்கு ஷட்டர் லென்சுக்குள் இருப்பதால் 500-இல் ஒரு பங்கிலும் தொல்லையில்லை. ஆனால் அதன் சிறு நெம்பு 'எக்ஸ்' பக்கம் நிற்க வேண்டும். 'எம்' என்பது அந்நாளைய பல்புகளுக்கானது. பல்பு எரிந்து உச்ச ஒளி பெறும் வரை ஷட்டர் காத்திருக்கும். இன்றைய பிளாஷோ அதற்குள் மின்னி அணைந்துவிடும்.

அடுத்தது இணைப்பு. காமிராவின் தலைமேல் நடுப்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் கம்பியால் இணையும் பிளாஷ்தான் வேண்டும். பல புள்ளிகள் கொண்ட புதுப் பிளாஷ் பேசும் மொழி பழங்காமிராவுக்குப் புரியாது. நடுப்புள்ளி ஒன்றே வேலை செய்யும். கையால் ஒளியளவைத் திருத்தும் வசதியோ, தானே ஒளியை அளந்து நிறுத்தும் கண்ணோ இல்லாத பிளாஷை இனாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

பெரிய பிளாஷ் எதற்கு என்றும் கேட்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பாட்டியைப் படமெடுக்க இரண்டரை மீட்டர் தூரம் கிடைத்தாலே பெரிது. வழிகாட்டி எண் 20 உள்ள எளிய பிளாஷ் இருந்தால், 20-ஐ இரண்டரையால் வகுக்க 8 வருகிறது. 100 வேகப் பிலிமுக்கு அதுவே லென்சின் துவார எண். 400 வேகப் பிலிமானால் 16. மறையூர் முனியறையின் உட்சுவருக்கும் இந்தக் கணக்குப் போதும். உதகையில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பிலிம் கிடைத்த காலம் போய்விட்டது. இன்று சுருள் விற்கும் விலையில், ஒரு படம் வீணானாலும் மாணவனின் சிற்றுண்டிச் செலவில் கைவைத்துவிடும். பாட்டியோ அடுத்த விடுமுறை வரை நமக்காகக் காத்திருப்பாள் என்பது என்ன உறுதி?

பழைய பிளாஷ் வாங்கினாலும் குற்றமில்லை. விவிடார் 283-இன் பழைய பிரதிகள் சிலவற்றின் இணைப்புப் புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கே1000 போன்ற இயந்திரக் காமிரா அதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் அறைத்தோழனின் டிஜிட்டல் காமிராவில் அதைச் செருகிவிடாதீர்கள்! அவற்றுள் முந்தியவை சிலவற்றுக்கு 6 வோல்ட்டே எல்லை. விடுதியில் சோப்பும் சீப்புமே இரவல் போகும்போது பிளாஷ் மட்டும் போகாதா? ஆகவே அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

இவ்வளவும் வாங்கிய பின், பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்துக்குச் செல்வோர் உண்டு. அங்கே கம்பனின் பாடல்கள் தமிழிலேயே ஒலிக்க, 21 விளக்குகளின் ஒளியில் தோற்பாவைகள் திரையில் நிழலாடுகின்றன. முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால் இராமனும் இல்லை, இராவணனும் இல்லை; வெள்ளைத் துணிதான் மிஞ்சும். அங்கே நான் பிளாஷைப் பைக்குள் போட்டுவிட்டு, காமிராவை முக்காலியில் நிறுத்திவிடுவேன்.