தாலிக்கும் ஓர் அனுமதிச் சீட்டா?

அண்மையில் பூனாகலையில் ஒரு லயத்து இஸ்தோப்பில் அமர்ந்திருந்தேன். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்து விடுமுறையில் வந்திருந்த இளைஞன் ஒருவன், தன் வேலை அனுமதிச் சீட்டின் விதியொன்றைச் சொன்னான். அந்நாட்டுப் பெண்ணை மணக்க விரும்பினால் அங்குள்ள மனிதவள அமைச்சின் அனுமதியை முன்னரே பெறவேண்டுமாம். வேறு நாட்டில் வைத்து மணந்தாலும் விதி அதுவே. வேலையை விட்ட பின்னரும் அது தொடரும். மீறினால் சீட்டு ரத்தாகும். அந்நாட்டு வாயிலும் அடைபடும்.

அருகிலிருந்த மூதாட்டி சிரித்தார். "இது என்ன புதுசு தம்பி? எங்களுக்குப் பொறந்த மண்ணிலேயே அந்தக் கதிதானே!"

அவர் கூற்றில் மிகையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. ஒரே லயத்தில் சுவருக்கு இப்பால் இலங்கைப் பெண், அப்பால் இந்தியப் பிள்ளை! சம்பந்தம் பேச வந்தோர் ஜாதகத்துக்கு முன் பாஸ்போர்ட்டைக் கேட்டனர். துணிந்து மணந்தாலும், தந்தைவழியே பிரஜாவுரிமை என்ற சட்டத்தால் தாயின் உரிமை பிள்ளையை எட்டவில்லை. அது திருத்தப்பட்டது 2003இல்தான். மூதாட்டிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையும், நம்மவர் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்த புகைவண்டியில் தலைமன்னார் சென்று கப்பலேறியவரே.

பிரஜாவுரிமைக்காகப் போலி மணம் புரிவோரை அரசு தடுக்க வேண்டாவா எனச் சிலர் கேட்பர். வேண்டும், ஐயுறவுள்ள மணத்தை விசாரிக்கட்டும். ஆனால் சிங்கப்பூரின் அவ்விதி வேலை அனுமதிச் சீட்டுடைய எளிய தொழிலாளருக்கே உரியது. உயர் சம்பளத்துக்கு வரும் அயல்நாட்டு அதிகாரியை அது தொடுவதில்லை. போலித்தனம் கூலி குறைந்தவனிடம் மட்டுமா குடியிருக்கிறது? ஆகவே, இங்கு அஞ்சப்படுவது போலி மணம் அன்று. ஏழை வேர்விடுவதே என்பது என் துணிபு. நம் பாட்டனாரைக் கொழுந்துக்கும் கவ்வாத்துக்கும் அழைத்தவர்களும் கைகளை மட்டுமே விரும்பினர்; கைகளோடு மனிதர் வந்ததுதான் அவர்களுக்குச் சங்கடமாயிற்று.

விடைபெறும்போது மூதாட்டி இளைஞனைக் கேட்டார்: "அங்க யாரும் இருக்காளா, தம்பி?"

அவன் பதில் சொல்லவில்லை. தலைகுனிந்து தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மௌனத்துக்கு எந்த அமைச்சிடம் அனுமதி கோருவது?