இன்சுலினில் இடம் மாறிய ரெண்டு பெட்டிகள்!

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் பல வீட்டு ஃப்ரிட்ஜில் மோர், மல்லிப்பூவோடு இன்சுலினும் இருக்கும். சில வீடுகளில் ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. சில வீடுகளில் ஊசி போட்டதுமே தட்டு வந்துவிடும். ஏன் இந்த வித்தியாசம்?

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் பெட்டிகள் மாதிரி, இன்சுலினின் 'பி' சங்கிலியில் 30 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்திருக்கும். அதில் 28, 29-வது 'பெட்டிகளை' இடம் மாற்றினால் 'லிஸ்ப்ரோ' இன்சுலின். சாதாரண இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இவை சட்டெனப் பிரிந்து ரத்தத்தில் கலந்துவிடும்.

பெட்டியை மாற்ற, ஜீனின் எழுத்தை மாற்ற வேண்டும். ஜீன் இருப்பது பிளாஸ்மிட் எனும் வட்ட டி.என்.ஏ-வில். ஆய்வகங்களில் பிரபலமான வழி இதுதான்... எழுத்து மாற்றிய குட்டி டி.என்.ஏ துண்டை அந்த இடத்தில் ஒட்டவைப்பார்கள். அதிலிருந்து ஒரு நொதி வட்டம் முழுவதையும் நகலெடுக்கும். பழைய வட்டத்தை இன்னொரு நொதி வெட்டிவிடும். புது வட்டம் பாக்டீரியாவுக்குள் போய்ப் பெருகும்.

இதற்கு அடித்தளம் போட்ட மைக்கேல் ஸ்மித்துக்கு 1993-ல் நோபல் பரிசு. அவர் 1956-ல் கனடாவில் வேலைக்குச் சேர்ந்தது, நம் ஹர் கோவிந்த் கொரானாவின் ஆய்வகத்தில்!

பக்கத்து வீட்டு மாமியின் நேரக்கணக்கு, அவர் போடும் இன்சுலினுக்கு மட்டும்தான். வேகமான இன்சுலின் போட்டுவிட்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை ஆபத்தாகக் குறையலாம். உங்க மருந்தின் பெயரைக் காட்டி, டாக்டரிடம் நேரத்தைக் கேட்டுக்கோங்க மக்களே!